சொல் அறியாததைப் படம் அறியும்: பரிசு பெற்ற குழந்தைப் படநூல்களில் நகைச்சுவை

அமெரிக்க நூலக மன்றம் சிறந்த படநூலுக்கென ஆண்டுதோறும் வழங்கிவரும் கால்டெகாட் பதக்கத்தின் முகப்பை உற்று நோக்குவார்க்குச் சிறிது வியப்புத் தோன்றும். பரிசுப் பதக்கங்களில் பொறிக்கப்பெறுவன பெரும்பாலும் வாகைமாலையும் சுடர்விளக்கும் விரித்த ஏடும் கலைத்தெய்வத்தின் முகமுமே ஆம். இப்பதக்கத்திலோ, கட்டுக்கு அடங்காது ஓடும் குதிரையின்மேல் ஒருவன் செய்வதறியாது தொற்றிக்கொண்டிருக்கின்றான். வாத்துகள் அலறிச் சிதறுகின்றன. நாய்கள் குரைத்து ஓடுகின்றன. வழியில் நிற்போர் திகைத்து நோக்குகின்றனர். பெருமை தருதற்கென வார்த்த பதக்கத்தில் பெருமையெல்லாம் இழந்து பறக்கும் ஒருவனைப் பொறிக்கத் துணிந்தவர், குழந்தை நூலுக்கு நகை எத்துணை இன்றியமையாதது என்பதை அறிந்தவராதல் வேண்டும்.

குதிரைமேல் இருப்பவன் ஜான் கில்பின். வில்லியம் கூப்பர் 1782இல் இயற்றிய நகைப்பாட்டின் தலைவன் இவன். அப்பாட்டுக்கு 1878இல் ஆங்கில ஓவியர் ராண்டால்ப் கால்டெகாட் (1846–1886) வரைந்த படமே பதக்கத்தில் இடம்பெற்றது. பிரெடரிக் மெல்ச்சர் என்பார் 1937இல் எடுத்துரைத்த கருத்தின்படி நிறுவப்பெற்ற இப்பரிசு 1938 முதல் வழங்கப்பெற்று வருகின்றது. முந்திய ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த படநூல்களுள் தலைசிறந்ததன் ஓவியர்க்கு அது உரியது. ‘ஓவியர்க்கு’ என்னும் இச்சொல்லைக் கற்பார் நினைவில் கொள்க. இக்கட்டுரையின் வழக்கு முழுதும் இச்சொல்லைப் பற்றியதே.

படநூல்களை நம் துறையினர் இலக்கியமாக எண்ணிக் கற்பதில்லை. அவை கல்வியியலார்க்கு உரியன என்று ஒதுக்குவோர் ஒரு சாரார். முப்பது பக்கத்தில் முந்நூறு சொல் இருந்தால் அதில் ஆராய யாது உளது என வினவுவோர் மற்றொரு சாரார். இரண்டாமவர் வினா ஒருவகையில் நேர்மையானது. சொற்களை மட்டும் தனியே எடுத்து எழுதிப் பார்த்தால் பரிசு பெற்ற நகைப்படநூல்கள் பலவற்றில் நகையே இராது. படங்களை மட்டும் சுவரில் மாட்டிவைப்பினும் நகை பெரும்பாலும் இராது. அவ்வாறாயின் சிரிப்பு எங்கிருந்து வருகின்றது? சொல் ஒன்று கூற, படம் வேறொன்று காட்ட, அவ்விரண்டற்கும் இடைப்பட்ட வெளியில் அது பிறக்கின்றது என்பதும், அவ்வெளியை முதலில் காண்பவர் எழுத்தறியாத குழந்தையே என்பதும், ஓவியர்க்கு மட்டும் பதக்கம் சூட்டும் மரபு அவ்வெளியைக் காண இயலாது தடுமாறுகின்றது என்பதும் ஈண்டு யான் நிறுவக் கருதுவன.

இவ்வுத்திக்கு முன்னோடி, பதக்கத்திற்குப் பெயர் தந்த கால்டெகாட்டே. ஆங்கிலக் குழந்தைகள் பாடும் சிறுபாட்டு ஒன்று, தட்டும் கரண்டியும் சேர்ந்து ஓடிப்போயின என்ற செய்தியோடு முடியும். 1882இல் அதற்குப் படநூல் செய்த கால்டெகாட் அவ்வடிக்குரிய படத்தை வரைந்ததோடு அமையவில்லை. அடுத்த பக்கத்தில், பாட்டில் ஒரு சொல்லும் இல்லாத இடத்தில், மற்றொரு படத்தைச் சேர்த்தார். அதில் தட்டு உடைந்து கிடக்கின்றது. கரண்டியைக் கத்தியும் முள்கரண்டியும் இருபுறமும் பற்றி வீட்டிற்கு அழைத்துச் செல்கின்றன. உடன்போக்கும், தமர் பின்சென்று மீட்டலும் நம் அகத்துறைக்குப் புதியன அல்ல. அவற்றைச் சமையலறைக் கலங்களின்மேல் ஏற்றியது புதிது. பாட்டு மகிழ்ந்து முடிய, படம் அதற்குமேல் ஒரு துயரத்தைச் சொல்லி நகையை அவலத்தின் விளிம்பிற்குக் கொண்டுசெல்கின்றது. சொல் விட்டதைப் படம் சொல்லவும், படம் விட்டதைச் சொல் சொல்லவும் செய்த இம்முறையிலேயே இக்காலப் படநூல் தோன்றியது என்று மாரிஸ் சென்டாக் (1928–2012) கால்டெகாட்டைப் போற்றியுள்ளார். அவர் கூற்றை மறுக்கக் காரணம் இல்லை.

இனி, யான் முதலில் விளங்கிக்கொள்ளாத நூல் ஒன்றிலிருந்து தொடங்குவேன். ஜான் கிளாசென் எழுதி வரைந்த ‘இது என் தொப்பி அன்று’ 2012இல் வெளிவந்தது. 2013இல் கால்டெகாட் பதக்கமும், 2014இல் இங்கிலாந்தின் கேட் கிரீனவே பதக்கமும் பெற்றது. இரண்டனையும் ஒருங்கே பெற்ற முதல் நூல் இதுவே. கதை மிக எளிது. சின்னஞ்சிறு மீன் ஒன்று, உறங்கும் பெருமீனின் தலையிலிருந்து சிறு தொப்பியைத் திருடிக்கொண்டு செல்கின்றது. திருடியதை மறைக்காது நம்மிடமே ஒப்புக்கொள்கின்றது. பெருமீன் உறங்குகின்றது, எளிதில் விழிக்காது, விழித்தாலும் தொப்பி போனதை அறியாது, அறிந்தாலும் எடுத்தவர் யாரென்று தெரியாது, தெரிந்தாலும் போகும் இடம் தெரியாது எனத் தன் நெஞ்சிற்குத் தானே ஆறுதல் கூறிக்கொண்டு நீந்துகின்றது. ஒவ்வோர் ஆறுதலுக்கும் எதிரே ஒவ்வொரு படம். விழிக்காது என்ற இடத்தில் பெருமீனின் கண் அகலத் திறக்கின்றது. தொப்பி போனதை அறியாது என்ற இடத்தில் கண்மணி மேல்நோக்கி வெறுந்தலையைப் பார்க்கின்றது. யாரென்று தெரியாது என்ற இடத்தில் கண் சுருங்குகின்றது. பெருமீன் வேறு ஒன்றும் செய்யவில்லை. அதன் உடலும் அவ்வாறே, கருநீரும் அவ்வாறே. கண்ணின் இமைக்கோடு ஒன்றே மாறுகின்றது. ஒரு கோட்டில் ஒரு பெருமீனின் சினம் முழுவதையும் அடக்கிய சிக்கனம் வியத்தற்குரியது.

இந்நூலை யான் முதன்முதல் கையில் எடுத்தது ஆராய்ச்சிக்காக அன்று. தங்கை வீட்டில் தங்கிய ஓர் இரவில், நான்கு அகவை நிரம்பாத அவள் மகள் கொணர்ந்து மடியில் இட்டாள். இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றவன் செய்யக்கூடியதையே செய்தேன். எழுத்தைப் படித்தேன்; வாய்மொழியாகத் தமிழாக்கினேன்; பக்கத்தைத் திருப்பினேன். ‘பெரிய மீன் தூங்குதாம்’ என்றேன். குழந்தை ஒன்றும் பேசாமல் படத்தின்மேல் விரல் வைத்திருந்தாள். திருட்டு மீன் ஏன் இத்துணை பேசுகின்றது, இக்கதைக்கு ஏன் பரிசு என்ற ஐயத்தோடு நூலை மூடினேன். மறுநாள் இரவும் அதே நூல் வந்தது. சலிப்பினால் சொற்களைச் சுருக்கி, ‘பெரிய மீன் தூங்குது, முழிக்காது’ என்றேன். ‘மாமா, முழிச்சிருக்கு!’ என்று கூவி எழுந்து நின்று சிரித்தாள். அப்பொழுதுதான் அந்தக் கண்ணை யான் பார்த்தேன்.

இந்நிகழ்ச்சியில் மொழிநூலார்க்கு ஒரு செய்தி உண்டு. கதை சொல்லுங்கால் தமிழர் நாவிற்கு இயல்பாக வருவது ‘ஆம்’ என்னும் ஈறு. கேட்டதைச் சொல்கின்றேன், பொறுப்பு என்னுடையது அன்று என்னும் குறிப்பை அது தாங்கி நிற்கும். ‘தூங்குதாம்’ என்ற அளவிலேயே சொல்பவன் ஐயத்தை உடன்பட்டுவிடுகின்றான். எதிர்க்க இடமில்லாத குழந்தை வாளா இருக்கின்றது. ‘தூங்குது’ எனத் துணிந்து பொய்த்தபோதே அப்பொய்யைப் படங்கொண்டு உடைக்கும் உரிமை குழந்தைக்குக் கிடைத்தது. கிளாசெனின் மீனும் தன் பேச்சில் சிறிது ஐயம் கலந்தே பேசுகின்றது என்பது உண்மை. ஆயின் அது திருடனின் நெஞ்சில் எழும் ஐயம். கதைசொல்லும் ஆசிரியரின் ஐயம் அன்று. ‘ஆம்’ சேர்த்த அளவில் மீனின் ஐயம் நம்முடையதாகி, நூல் தன் கூர்மையை இழக்கும். ஒரு குழந்தையின் இரண்டு இரவுகளைக் கொண்டு விதி வகுத்தல் ஆகாது என்பதை அறிவேன். எனினும் இத்தகு நூல்களைத் தமிழாக்குவோர், பொய்சொல்லும் கதைமாந்தரைத் தம் அன்பினால் திருத்திவிடாதிருத்தல் வேண்டும் என்று கூற இது போதும்.

நகைக்குரிய களங்களாக இளமை, மடன், பேதைமை, எள்ளல் ஆகிய நான்கனைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுக்கின்றது. இந்நான்கும் படநூலில் உள. வகைக்கு ஒன்றாக எடுத்துக்காட்டுத் தருதல் எளிது. அப்பட்டியலால் பெரும்பயன் இல்லை எனக் கருதி விடுக்கின்றேன். பயன்தரும் வினா வேறு. பேதைமை நகைக்குக் களமாயின், அப்பேதைமை யாருடையது? நம் கதைகளில் பேதைமை பெரும்பாலும் கதைமாந்தர்க்கு உரியது. கதை கூறுவோன் அறிவுடையவனாய் மேல்நின்று கூறுவான். படநூலிலோ கதை கூறும் குரலே பேதைமை உடையதாகின்றது. அறிவு படத்திற்குச் சென்றுவிடுகின்றது. வீட்டில் எதையும் அறியாதவளாக நடத்தப்பெறும் குழந்தை, நூலைப் படிக்கும் பெரியவனைவிடவும் நூல் பேசும் குரலைவிடவும் மிகுதியாக அறிகின்றாள். சிரிப்பில் கலந்துள்ள களிப்பிற்கு இதுவே காரணம் என்பது என் துணிபு.

பாட் ஹட்சின்சின் ‘ரோசியின் நடை’ (1968) இதனை மேலும் எல்லைக்குக் கொண்டுசென்ற நூல். ரோசி என்னும் கோழி பண்ணையைச் சுற்றி உலவிவிட்டு உணவு வேளைக்குத் திரும்பியது என்ற அளவே அதன் சொல். 32 சொற்கள், ஒரே தொடர். படங்களில் தொடக்கமுதல் ஒரு நரி பின்தொடர்கின்றது. வாருகோல் அதன் முகத்தில் அறைகின்றது, குளத்தில் விழுகின்றது, மாவு அதன்மேல் கொட்டுகின்றது, தேனீக்கள் துரத்துகின்றன. நரி என்ற சொல் நூலில் எங்கும் இல்லை. கோழி அறிந்தே நரியை இவ்வழியெல்லாம் இழுத்துச் சென்றதா, ஒன்றும் அறியாது உலவியதா என்பது வழக்கிற்குரியது. அதன் அரைக்கண் பார்வை இருபொருளுக்கும் இடந்தருகின்றது. அறியாது சென்றது என்று கொள்வதே சுவை என்பேன். அறிந்து சென்றதாயின் அது சூழ்ச்சிக் கதை. சூழ்ச்சிக் கதைகள் உலகில் ஏராளம்.

பெக்கி ராத்மனின் ‘காவலர் பக்கிளும் குளோரியாவும்’ (1995, பதக்கம் 1996) நம்மனோர் நெஞ்சைச் சற்று உறுத்தும் நூல். விரிவுரை நிகழ்த்திப் பிழைப்பார் எவரும் அதனைச் சிரிப்போடு மட்டும் படித்துமுடித்தல் அரிது. பக்கிள் என்னும் காவலர் ஊரில் எவரினும் மிகுதியாகப் பாதுகாப்பு நெறிகளை அறிந்தவர். சுழலும் நாற்காலிமேல் ஏறி நிற்றல் ஆகாது என்பது போன்ற பொன்னுரைகளை எண்ணிட்டுத் தொகுத்துப் பள்ளிதோறும் சென்று உரைப்பார். மாணவர் உறங்குவர். பின்னர்க் காவல்துறை குளோரியா என்னும் நாயை வாங்கி அவருடன் அனுப்புகின்றது. அன்றுமுதல் மாணவர் விழித்திருக்கின்றனர்; கைதட்டுகின்றனர்; வயிறு குலுங்கச் சிரிக்கின்றனர். சொல்வழி நமக்குக் கிடைக்கும் செய்தி இவ்வளவே: காவலர் சொற்பொழிவு சிறந்துவிட்டது. படத்தில், அவர் முதுகுக்குப் பின்னே குளோரியா ஒவ்வொரு நெறியையும் துள்ளியும் விழுந்தும் அந்தரத்தில் சுழன்றும் நடித்துக் காட்டுகின்றது. அவர் திரும்பிப் பார்க்குங்கால் ஒழுங்காக அமர்ந்திருக்கின்றது. பாராட்டு மடல்கள் குவிகின்றன. ஒவ்வொன்றிலும் நாயின் படம். காவலர் அப்பொழுதும் ஐயுறவில்லை.

தம் உரையாலேயே அவை மகிழ்ந்தது என்று கொண்ட கருத்தை எத்துணைச் சான்று வந்தும் விடாதிருக்கும் இவரை, ஏற்றதை விடாமையே மடன் என்னும் உரைவழக்கிற்கு நல்ல இலக்கியமாகக் கொள்ளலாம். ஆயினும் ராத்மன் அவரை எள்ளவில்லை. ஒருநாள் தொலைக்காட்சிச் செய்தியில் தம் முதுகுப்புறத்தைத் தாமே காண்கின்றார் பக்கிள். இதுவரை படத்திற்கு மட்டும் தெரிந்ததும் குழந்தைக்கு மட்டும் தெரிந்ததும் ஆகிய செய்தி கதைமாந்தர்க்கும் தெரிந்துவிட்டது. படத்திற்கும் சொல்லுக்கும் இடையிருந்த வெளி அக்கணமே மூடுகின்றது. சிரிப்பும் அங்கே நிற்கின்றது. இதுவரை சிரித்த குழந்தை ஓர் இளைப்பாறுதலுக்குப் பக்கத்தைப் பார்க்கின்றாள். தான் சிரித்தது ஒருவரின் அறியாமையை எனக் காண்கின்றாள். பக்கிள் இனிப் பேசேன் என்று ஒதுங்குகின்றார். நூலின் சிறப்பு இதற்கு அடுத்த பக்கத்தில் உளது. தனியே மேடையேறிய குளோரியா ஒன்றும் செய்யாது அமர்ந்து உறங்கிவிடுகின்றது, அவையும் உறங்குகின்றது. நடிப்பதற்குச் சொல் இல்லாதபோது நடிப்பும் இல்லை. பின்னர் அப்பள்ளியில் வாழைப்பழக் கூழில் வழுக்கி எல்லாரும் ஒருவர்மேல் ஒருவராய்ச் சரிவதும், இருவரும் மீண்டும் சேர்வதும் கதைமுடிவு.

இந்நூலை நட்பைப் பற்றியது என்பர். அது மேலோட்டமான கருத்து. சொல்லும் படமும் தனித்தனியே உறங்கவைக்கும், சேர்ந்தே விழிப்பூட்டும் என்னும் படநூற் கொள்கையையே ஒரு காவலராகவும் ஒரு நாயாகவும் ஆசிரியர் மேடையேற்றியிருக்கின்றார். சொல் பக்கிள், படம் குளோரியா. பதக்கமோ குளோரியாவுக்கு உரிய பதக்கம். இம்முரணைப் பரிசுக்குழுவினர் கண்டு சிரித்திருப்பரா என்பதை யான் அறியேன், சிரித்திருத்தல் வேண்டும்.

என் கருத்திற்கு மாறான சான்றுகளையும் கூறுதல் முறை. ராபர்ட் மக்கிளாஸ்கியின் ‘வாத்துக்குஞ்சுகளுக்கு வழிவிடுக’ (1941, பதக்கம் 1942) நூலில் சொல்லும் படமும் முரணுவதே இல்லை. வாத்துத் தாய் எட்டுக் குஞ்சுகளோடு பாஸ்டன் நகரத்துத் தெருவைக் கடக்க வருகின்றது. காவலர் போக்குவரவை நிறுத்தி வழிவிடுகின்றார். சொல்லும் அதுவே, படமும் அதுவே. எனினும் நகை உண்டு. அரசனுக்கு வழிவிடுவது போன்ற விறைப்போடு வாத்துக்கு வழிவிடும் காவலரின் பெருமிதத்தில் அது பிறக்கின்றது. ஓசையால் ஒன்றையொன்று துரத்தும் குஞ்சுகளின் பெயர்களிலும் பிறக்கின்றது; இது சொல்லுக்கே உரிய விளையாட்டு, எந்த ஓவியரும் வரைய இயலாதது. நியூயார்க்கில் தம் குடியிருப்பிலேயே வாத்துகளை வளர்த்து அவற்றின் நடையை மக்கிளாஸ்கி பயின்றார் என்பர். கீழ்வீட்டார் நிலையை எண்ணின் அதுவும் ஒரு படநூலுக்குப் பொருளே. 1987இல் பாஸ்டன் பூங்காவில் அவ்வாத்துக் குடும்பத்திற்கு வெண்கலச் சிலை எழுந்தது.

மறுபுறம், டேவிட் வீஸ்னரின் ‘செவ்வாய்க்கிழமை’ (1991, பதக்கம் 1992) ஏறத்தாழச் சொல்லே இல்லாதது. தவளைகள் அல்லியிலைமேல் ஏறி இரவில் ஊரின் மேலே பறக்கின்றன. நாளும் நேரமும் குறிக்கும் சில சொற்களன்றி வேறில்லை. சொல் இல்லாவிடில் முரண் எங்கே எனலாம். அந்நேரக் குறிப்புகளே முரண் என்பது என் விடை. காவல்நிலையக் குறிப்பேடு போன்ற வறண்ட சொல்லும், தொலைக்காட்சிமுன் உறங்கும் மூதாட்டியின் அறையில் தவளைகள் குழுமி நிகழ்ச்சி பார்க்கும் படமும் எதிரெதிர் நிற்கின்றன. சொல் சிறிதாயினும் அதன் முகம் இறுகியிருப்பதால் படம் துள்ளுகின்றது. ஆயினும் இவ்விடை மக்கிளாஸ்கிக்குப் பொருந்தாது. முரண் ஒன்றே படநூல் நகைக்கு வழி என்று கூறாது, அதுவே படநூலுக்குத் தனியுரிமையான வழி என்ற அளவில் என் கூற்றைச் சுருக்கிக்கொள்கின்றேன்.

மோ வில்லெம்சின் புறா நூல் (2003, கால்டெகாட் சிறப்பு நூல் 2004) வேறொரு பாதை வகுத்தது. பேருந்து ஓட்டுநர் புறப்படுமுன் நம்மிடம் ஒரே ஒரு வேண்டுகோள் விடுக்கின்றார்: புறாவைப் பேருந்து ஓட்டவிடல் ஆகாது. அதன்பின் புறா கெஞ்சுகின்றது, இச்சகம் பேசுகின்றது, ஏமாற்றுகின்றது, இறுதியில் சிறகும் சொல்லும் சிதறக் கத்துகின்றது. குழந்தை மறுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். மறுக்கும் சொல் நூலில் அச்சிடப்பெறவில்லை; அதனைக் குழந்தையே தருகின்றாள். நாள்முழுதும் பெரியோரால் மறுக்கப்பெற்றவள் இரவில் அம்மறுப்பைத் தான் வழங்கி மகிழ்கின்றாள். இதற்கு மறுதலை டேவிட் ஷேனனின் நூல் (1998, சிறப்பு நூல் 1999). அதில் அச்சிட்ட சொல் பெரும்பாலும் தாயின் மறுப்பும் சிறுவனின் பெயருமே. ஷேனன் எழுத்துக்கூட்டக் கற்ற சிறுவயதில் அவ்விரு சொற்களையே அறிந்திருந்தார் என்றும், அன்று தாம் செய்த சிறுநூலையே பின்னர் விரித்தார் என்றும் கூறியுள்ளார். மறுப்பு ஒன்றே சொல்லாகவும், மறுக்கப்பெற்ற செயல் முழுதும் படமாகவும் அமைந்த இந்நூலைத் தாய்மாரும் விரும்பிப் படிக்கின்றனர் என்பது எண்ணத்தக்கது.

சென்டாக்கின் ‘காட்டு விலங்குகள் வாழும் இடம்’ (1963, பதக்கம் 1964) நகைநூல் என்ற வகையுள் முற்றும் அடங்காது. காட்டுக் குதிரைகளைப் பற்றி எழுதத் தொடங்கியவர் குதிரை வரைய வராமையால் விலங்குகளுக்கு மாறினார் என்ற செய்தி நூலினும் நகைதருவது. 338 சொற்களே கொண்ட அந்நூலில், மாக்ஸ் என்னும் சிறுவனின் சினம் வளர வளரப் படமும் வளர்ந்து சொல்லைப் பக்கத்தின் அடிக்குத் தள்ளுகின்றது. நடுவே மூன்று விரிபக்கங்களில் சொல் அறவே இல்லை. பின்னர்ச் சிறுவன் தன் அறைக்கு மீள்கின்றான். இறுதிப் பக்கத்தில் படம் இல்லை. இரவுணவு இன்னும் ஆறவில்லை என்ற செய்தி மட்டும் வெற்றுத்தாளில் நிற்கின்றது. சூட்டை வரைதல் இயலாது. ஆவியை வரையலாம், ஆவி வேறு, தாய் வைத்த சோறு தனக்காக ஆறாதிருந்தது என்னும் உணர்வு வேறு. அவ்விடத்துப் படம் விலகிச் சொல்லுக்கு வழிவிட்டது. ஓவியர்க்குரிய பதக்கத்தைப் பெற்ற நூலின் உயிர்நிலை, ஓவியம் இல்லாத பக்கத்தில் இருக்கின்றது.

இங்கேதான் பரிசின் விதியைப் பற்றி வாயடங்கியிருத்தல் இயலவில்லை. சொல்லுக்கு நியூபெரி பதக்கம் (1922 முதல்), படத்திற்குக் கால்டெகாட் பதக்கம் என அமெரிக்கர் பாகம் பிரித்தனர். உலகளாவிய ஆண்டர்சன் விருதும் 1956இல் எழுத்தாளர்க்குத் தொடங்கப்பெற்று, 1966 முதல் ஓவியர்க்குத் தனியே வழங்கப்பெறுகின்றது. சென்டாக் 1970இல் ஓவியர் என்ற முறையிலேயே அதனைப் பெற்றார். எழுதுபவரும் வரைபவரும் ஒருவராயின் இப்பிரிவு இடர் செய்யாது. இருவராயின் செய்யும். கிளாசென் பதக்கம் வென்ற அதே 2013இல், மாக் பார்னெட் எழுத அவர் வரைந்த ‘தீராத நூல்கண்டு’ என்னும் மற்றொரு நூலும் கால்டெகாட் சிறப்பு நூலாயிற்று. அச்சிறப்பும் ஓவியர் கிளாசெனுக்கே உரியதாயிற்று. 2016இல் நிகழ்ந்ததோ இன்னும் நோக்கத்தக்கது. சந்தைத் தெருவின் கடைசி நிறுத்தம் வரை ஒரு சிறுவனும் பாட்டியும் பேருந்தில் செல்லும் படநூலொன்றில், எழுதிய மாட் டி லா பென்யாவுக்கு நியூபெரி பதக்கமும், வரைந்த கிறிஸ்டியன் ராபின்சனுக்குக் கால்டெகாட் சிறப்பும் கிடைத்தன. ஒரு நூலை இரண்டு குழுக்கள் இரண்டாக அறுத்து, இரு பாதியும் நன்று எனத் தனித்தனியே தீர்ப்பளித்தன. முழுநூலும் நன்று எனச் சொல்லும் இருக்கை எவர்க்கும் இல்லை.

விதி முற்றும் கண்மூடியது என்றும் கூறேன். கால்டெகாட் குழுவினர் முதன்மையாகப் படத்தை நோக்குவர்; நூலின் பயனைக் குறைக்கும் அளவிற்கேனும் பிற கூறுகளையும் கருதலாம் என இடமுண்டு. சொல்லைக் குறைபாடாகக் காண அவர்க்கு வழியுண்டு. நகையின் மறுபாதியாகக் காண வழி மெலிது என்பதே என் குறை. இத்துணை மெலிந்த வழியிலும் கிளாசெனையும் ராத்மனையும் வீஸ்னரையும் கண்டெடுத்தனர் என்பது அவர்தம் சுவையுணர்வுக்குச் சான்று.

இக்குறையை நாம் எளிதில் நகைத்தல் ஆகாது. அதே அறுவையை நாமும் செய்துவருகின்றோம். குழந்தை நூல் ஒன்றைப் பற்றி நம் மாணவர் எழுதும் ஆய்வேடுகளில் மேற்கோள் என்பது சொல்லே. பக்கத்தில் இருந்த படம் மேற்கோளில் இராது. அதனால் அதற்கும் சொல்லுக்கும் இடையிருந்ததும் இராது. பாடவேறுபாடு காண்பதில் ஓர் எழுத்தையும் விடாத நாம், ‘இது என் தொப்பி அன்று’ போன்ற நூலில் பெருமீனின் கண்ணிமையைப் பாடத்தில் சேர்க்காது விடின், பாடம் சிதைந்ததென்றே கூறுதல் வேண்டும். எத்தகைய குறியீட்டால் அதனை மேற்கோளிற் சேர்ப்பது என்பதை இளைய ஆய்வாளர் வகுக்கட்டும். எந்தப் பக்கத்தில் எந்தச் சொல்லுக்கு எதிரே எந்தப் படம் நின்றது என்று எழுதிவைத்தலே தொடக்கத்திற்குப் போதும்.

கிளாசெனின் நூலில் ஒரு நண்டும் உண்டு. தொப்பித் திருடனைக் கண்டும் எவரிடமும் கூறேன் என்று வாக்களித்த அது, பெருமீன் வந்ததும் வழியைச் சுட்டிக் காட்டுகின்றது. இருமீனும் அடர்ந்து வளர்ந்த நீர்ச்செடிகளுக்குள் புகுகின்றன. அதன்பின் சொல் இல்லை. பெருமீன் தொப்பியோடு வெளிவந்து உறங்குகின்றது. சிறுமீன் வெளிவருவதைப் படமும் காட்டவில்லை. சொல்லும் படமும் ஒருங்கே வாயடைத்த ஒரே இடம் இது. பெருமீன் தின்றுவிட்டது என்பது என் உரை. தங்கை மகளின் உரை வேறு. தொப்பியைக் கொடுத்துவிட்டு, வேறு தொப்பி தேடச் செடிக்கு அந்தப்பக்கம் போயிருக்கிறது என்கின்றாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, நூலின் பின்னட்டையில் அதைத் தேடிக்கொண்டிருக்கின்றாள்.